சத்தமே வராது சார்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்யக் கிளம்பியதற்கு அறிவு காரணமல்ல, யூட்யூப் காரணம். ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரர், பளிச்சென்ற மேஜைமேல் பாகங்களைப் பரப்பி, சிரித்துக்கொண்டே பூட்டி முடித்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, “ஏதாவது கேட்கிறதா?” என்றார். எனக்குக் கேட்கவில்லைதான். என் பழைய கம்ப்யூட்டர் போட்ட சத்தத்தில் அவர் பேசியதே பாதி கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்று. கம்ப்யூட்டர் மேஜையும் அதில்தான். நான் ராத்திரியில் உட்கார்ந்து ப்ரூஃப் பார்க்கிற ஆசாமி. மனைவி ராத்திரியில் தூங்குகிற ஆசாமி. “உங்க பிளைட் எப்பங்க லேண்ட் ஆகும்?” என்று கட்டிலிலிருந்து குரல் வரும். ஷட் டவுன் கொடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடுபாதையில் ஓடும்.

ஆகவே 2023இல் முடிவெடுத்தேன். பட்ஜெட் 35,000 ரூபாய். சத்தம் கூடாது. கடைக்காரனிடம் கொடுக்காமல் நானே பூட்ட வேண்டும். இந்த வேலைக்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி ஒரு ஸ்க்ரூடிரைவர். அதுவும் முனை மழுங்கியது.

சறுக்கல் டெசிபலில் ஆரம்பித்தது. ஒரு ஃபேனின் விளம்பரத்தில் 25 டெசிபல் என்று போட்டிருந்தார்கள். கேபினெட்டில் மூன்று, பிராசஸர் தலையில் ஒன்று, எஸ்எம்பிஎஸ் வயிற்றில் ஒன்று, ஆக ஐந்து ஃபேன். அஞ்சு இருபத்தஞ்சு நூத்தி இருபத்தஞ்சு. 125 டெசிபல் என்றால் காதே வலிக்கும் என்று படித்திருக்கிறேன். பட்ஜெட்டில் ஈஎன்டி டாக்டருக்கும் ஒரு தொகை ஒதுக்கினேன்.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். “மாமா, டெசிபல் லாக் ஸ்கேல். அப்படியே கூட்டக் கூடாது. ஒரே சத்தம் போடற ரெண்டு ஃபேன் சேர்ந்தா 3 டெசிபல்தான் ஏறும். அஞ்சு சேர்ந்தாலும் 32தான். 10 ஏறினாத்தான் காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி தெரியும்” என்றான். நானும் பிளஸ் டூவில் லாக் டேபிள் புத்தகம் வைத்திருந்தவன்தான். அட்டையின் நிறம்வரை ஞாபகம் இருக்கிறது. உள்ளே போன ஞாபகம்தான் இல்லை.

அவன் இன்னொன்றும் சொன்னான். சின்ன ஃபேன் தள்ளுகிற காற்றைப் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். அதனால் 80 மில்லிமீட்டர் ஃபேனைத் தொடாதே, 120 அல்லது 140 வாங்கு என்றான். ஆஸ்திரியாவில் நாக்டுவா என்று ஒரு கம்பெனி இருக்கிறது. பழுப்பும் சந்தனமுமான ஒரு நிறத்தில் ஃபேன் செய்கிறார்கள். சத்தமில்லாமைக்கு உலகப் புகழ். விலை கேட்டேன். எங்கள் வீட்டு சீலிங் ஃபேனே அந்த விலை இல்லை.

பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அதை ஒரு தெரு என்று நினைத்துப் போகிறவர் புது ஆள் என்று அர்த்தம். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று மவுண்ட் ரோடுக்குப் பின்னால் சந்து சந்தாகப் போகும். கையில் பேப்பரோடு நிற்கிறவனைப் பார்த்ததும் நாலு பக்கமிருந்தும் “சார், லேப்டாப்பா, சிசிடிவியா?” என்று கூப்பிடுவார்கள். நான் பேப்பரைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் முகத்தோடு ஒரு கடைக்குள் நுழைந்தேன். அது செல்போன் கவர் கடை.

அடுத்த கடையில் ஒரு பையன் கேட்டான்.

“என்ன யூஸ் சார்? கேமிங்கா, எடிட்டிங்கா?”

“டைப்பிங்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். “வேற ஏதாவது ரிக்வயர்மெண்ட்?”

“சத்தம் வரக் கூடாது.”

“அப்ப ஸ்பீக்கர் போடாதீங்க சார்.”

விளக்கினேன். புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு எடுத்துப் போட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் “சத்தமே வராது சார்!” என்றான். மவுஸ் பேடுக்கும் சொன்னான்.

பிராசஸர் விஷயத்தில் நான் காட்டிய சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். இன்டெல் ஐ3 12100 என்பது என் பேப்பரில் இருந்தது. நாலு கோர், என் டைப்பிங்குக்கு அதுவே ஜாஸ்தி. ஆனால் பக்கத்திலேயே ஐ3 12100எஃப் என்று ஒன்று, 2,000 ரூபாய் குறைவாக இருந்தது. எஃப் என்றால் ஃபாஸ்ட் என்று நானாக முடிவு செய்தேன். வேகமும் கூட, விலையும் குறைவு. இது தெரியாமல் எத்தனை பேர் வெறும் 12100 வாங்கிப் போகிறார்களோ என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

“அசெம்பிளிங் 500 ரூபா சார், அரை மணியில பண்ணிக் கொடுத்துடறோம்” என்றான் பையன். “வேண்டாம், நானே பண்ணிக்கிறேன்” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மதர்போர்டை கேபினெட்டுக்குள் இறக்கி, எல்லாத் திருகையும் முடுக்கி, நிமிர்ந்து பார்த்தால் அட்டைப்பெட்டியில் ஒரு தகரத் துண்டு பாக்கி. ஐஓ ஷீல்டு என்று பெயராம். பின்பக்க ஓட்டைகளுக்கான மூடி. மதர்போர்டுக்கு முன்னால் மாட்ட வேண்டியது. எல்லாத் திருகையும் கழற்றினேன். திரும்ப முடுக்கும்போது ஒரு திருகு குறைந்தது. இன்றுவரை கேபினெட்டைச் சாய்த்தால் உள்ளே அது எங்கேயோ உருள்கிறது.

பிராசஸரோடு பெட்டியிலேயே ஒரு கூலர் தருகிறார்கள். திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் கலரில் ஏதோ ஈஷியிருந்தது. புதுப் பொருளில் இப்படி அழுக்கா என்று பழைய பனியன் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். அது தெர்மல் பேஸ்ட். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். அங்கே நிற்கிற காற்று சூட்டைக் கடத்தாது. அதை நிரப்பத்தான் கம்பெனியே தடவிக் கொடுக்கிறது. கம்பெனி தடவியதை நான் பனியனில் தடவிவிட்டேன்.

பேஸ்ட் ட்யூப் தனியாக வாங்க மறுபடி போனேன். ‘பட்டாணி அளவு போதும்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. நான் போட்டது பட்டாணி சுண்டல் அளவு. கூலரை அழுத்தினதும் நாலு பக்கமும் பிதுங்கியது. அதைத் துடைக்கவும் அந்தப் பனியனே உதவியது.

இன்டெல் கூலருக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் கால் இருக்கும். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். அழுத்தினேன். நாலு டக் கேட்டது. நாலாவது டக் என் கட்டைவிரலிலிருந்து வந்தது.

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. கேபிளை மாற்றினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். ரேமின் தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்று ஒரு மெக்கானிக் எப்போதோ செய்ததைப் பார்த்திருக்கிறேன், தேய்த்தேன். அன்று காலையில் சீல் பிரித்த ரேம்.

அக்கா பையனுக்கு வீடியோ கால் போட்டேன்.

“மாமா, பிராசஸர் என்ன வாங்கினீங்க?”

“12100எஃப்” என்றேன், பெருமையாக.

அந்தப் பக்கம் மௌனம். பிறகு, “மாமா, எஃப்னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. தனியா கார்டு போட்டாத்தான் படமே வரும்.”

ரிச்சி ஸ்ட்ரீட் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். 2,000 ரூபாய் மிச்சம் பிடித்தவன் 3,500 ரூபாய்க்கு ஜிடி 710 என்கிற கார்டு வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே மலிவு அதுதான். மொத்தமே 19 வாட் சாப்பிடுகிற சாது. அதனால் அந்த மாடலுக்கு ஃபேன்கூட இல்லை. அலுமினியத் தகடு மட்டும். என் கம்ப்யூட்டரில் சூடாகிற பொருள்களுக்குள் துளிகூடச் சத்தம் போடாதது அது ஒன்றுதான். ஒரு மாசம் யோசித்து வாங்கியதெல்லாம் ஏதோ ஒரு சுருதியில் பாடுகிறது. தெரியாமல் வாங்கினது வாயைத் திறக்கவில்லை.

படம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. பிராசஸர் சூடு 100 டிகிரியைத் தொட்டு நின்றது. கூலர் ஃபேன் தலைதெறிக்கச் சுற்றியது. நாலாவது கால் உட்காரவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் போயிற்று. கட்டைவிரல் வீக்கம் வடிந்ததும் அதே மூலையில் மறுபடி அழுத்தினேன். இந்தத் தடவை டக் கூலரில் கேட்டது.

இனி எஸ்எம்பிஎஸ். கரண்டை மாற்றித் தருகிற அந்தப் பெட்டியை நான் வாங்கவே இல்லை. கேபினெட்டோடு ஃப்ரீயாக வந்தது. 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்கே என் அம்மா, “ஈபி பில்லு என்னடா ஆகும்?” என்றாள். நானும் பயந்தேன். எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டின் ஓரத்திலேயே நடந்துகொண்டிருக்கும். ஒரு யூனிட் தாண்டினால் ரேட்டே வேறு. பிறகுதான் தெரிந்தது, 500 வாட் என்பது அதிகபட்சம் தர முடிகிற அளவு. உள்ளே இருப்பவர்கள் கேட்கிற கரண்டைத்தான் அது இழுக்கும். என் பிராசஸர் மூச்சைப் பிடித்து ஓடினாலும் 89 வாட், கார்டு 19. எல்லாம் சேர்த்து 150ஐத் தாண்டாது. அம்மாவிடம் விளக்கினேன். “அப்ப எதுக்குடா 500?” என்றாள். பதில் இல்லை.

அந்த ஃப்ரீ பெட்டியின் சின்ன ஃபேன் ராத்திரி முழுக்க ஒரே ஸ்வரத்தில் கீச்சிட்டது. எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 80 பிளஸ் என்கிற முத்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே போகிற கரண்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் வேலைக்குப் போகிறது, மிச்சம்தான் சூடாக வீணாகிறது என்பதற்கான அத்தாட்சி அது. வீணாவது குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஃபேன் சும்மா இருக்கும். என் ஃப்ரீ பெட்டியில் அந்த முத்திரை இல்லை. ஹோலோகிராம் மட்டும் நன்றாக மின்னியது.

கடைசியில் 3,000 ரூபாய்க்கு 80 பிளஸ் பிரான்ஸ், 450 வாட், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்தது வாங்கினேன். கீச்சு நின்றது. பழையதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் எடை போதவில்லை.

இந்தக் கூத்தில் சத்தமில்லாமல் நடந்த ஒரே விஷயம் ஷாக். கேபினெட் திருகில் கை பட்டால் சுருக்கென்றது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாக ஒரு துளி கரண்ட் எப்போதும் வெளித் தகரத்துக்கு வரும். அது எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எங்கள் வீட்டு மூன்று பின் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதன் பின்னால் வயர் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இழுத்தார். “இத்தனை நாளா ஓட்டையை மட்டும் வெச்சிருந்தீங்களா சார்?” என்றார். இதை மட்டும் சிரிப்பில் விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு ஓட்டையையும் ஒருநாள் ஆள் வைத்துப் பாருங்கள்.

கேபினெட்டை நான் தேர்ந்தெடுத்த அழகுக்கு வருகிறேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே கலர் கலராக எரிகிற மூன்று ஆர்ஜிபி ஃபேன். கலரை மாற்ற ரிமோட். டைப்பிங் வேலைக்கு வந்த கம்ப்யூட்டருக்கு ரிமோட் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மயங்கிவிட்டேன். முகம் முழுக்கக் கண்ணாடி என்றால் காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்றும் தோன்றவில்லை. ஃபேன்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டு சுற்றின.

சத்தத்தைக் குறைக்க பயாஸில் ஃபேன் கர்வ் என்று ஒன்று உண்டு. இத்தனை டிகிரி சூட்டுக்கு இத்தனை சதவீத வேகம் என்று கோடு இழுத்து வைக்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டி, மெல்ல மெல்ல இறக்கி, சத்தம் அடங்கியதை என் காதாலேயே கேட்டேன். மனைவியை எழுப்பி, “இப்ப பாரு, கொறைஞ்சிருக்கா?” என்றேன். “ஆமாங்க, நல்லாவே கொறைஞ்சிருக்கு” என்று திரும்பிப் படுத்தாள். மறுநாள் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது பார்த்தேன்: மூன்று ஃபேனும் மதர்போர்டில் மாட்டப்படவே இல்லை. மோலெக்ஸ் கனெக்டரில் நேரே எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைந்து, 12 வோல்ட்டில், எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. நான் இரவெல்லாம் குறைத்தது எதை என்று தெரியவில்லை. அவள் கேட்டது எதை என்பதும்.

மூன்றையும் கழற்றிவிட்டு, நாலு பின் உள்ள சாதா கறுப்பு ஃபேன் ஒன்றை மதர்போர்டில் மாட்டினேன். கண்ணாடி முகப்பையும் கழற்றிப் பரணில் போட்டேன். இப்போது ஃபேன் கர்வ் சொன்னபடி கேட்டது. ஆனால் ஸ்வெட்டர்காரர் கொடுத்த அளவு இங்கே செல்லாது. 40 டிகிரிவரை ஃபேன் சும்மா இருக்கட்டும் என்று அவர் சொல்கிறார். எவ்வளவு பெரிய ஃபேனாக இருந்தாலும் அறையில் இருக்கிற காற்றைத்தான் எடுத்து வீச முடியும். அதற்குக் கீழே பிராசஸர் குளிராது. அவர் அறை 20. கத்திரி வெயிலில் எங்கள் அறை 35. எங்கள் வீட்டில் 40 டிகிரிக்குள் சும்மா இருப்பது நான் ஒருவன்தான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் புதுசில் போட்டது தனிக்கதை. நிமிஷத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. அந்த அதிர்வு மெல்லிசான கேபினெட் தகரத்துக்கு ஏறி, ‘உம்ம்ம்’ என்று ஒரு தம்பூரா சுருதி. அதையும் வெளியே எடுத்து யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இத்தனை நாள் பத்திரமாகக் காத்தது என்ன என்று திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் பழைய எம்பி3. மீதி, அதே எம்பி3களின் பேக்கப்.

எல்லாம் முடிந்தது. இப்போது அளந்து பார்க்க வேண்டுமே. செல்போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். மேஜைமேல் வைத்தேன். 52 காட்டியது. கம்ப்யூட்டரை அணைத்தேன். அப்போதும் 52.

தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தினேன். 38. சென்னையில், மே மாசத்தில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட, கம்ப்யூட்டர் அருகே காதை வைத்து ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்றால் அது நான்தான். அம்மா எட்டிப் பார்த்து, “கரண்ட் போயிடுச்சா?” என்றாள்.

35,000 ரூபாய் பட்ஜெட் எங்கேயோ போய் நின்றது; எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை. அவ்வளவு செலவழித்துக் குறைத்த சத்தம் முழுவதும் சீலிங் ஃபேன் சத்தத்துக்கு அடியில் இருக்கிறது. சீலிங் ஃபேனிலும் ஒரு ‘ங்ங்ங்’ இருந்தது. பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்தால் குறைந்த வேகத்தில் மோட்டார் அப்படி முனகும், கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டால் போய்விடும் என்றார் அதே எலக்ட்ரீஷியன். போட்டார். முனகல் நின்றது. அந்த ராத்திரிதான் மனைவி முதல்முறையாக, “ரூம் அமைதியா இருக்குங்க” என்றாள். ரெகுலேட்டர் விலை 300 ரூபாய்க்குள்.

படிக்கிற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கலர் மாறும் 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று, கண்ணாடி முகப்பு ஒன்று, என்னிடம் சும்மா கிடக்கின்றன. காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும். ரிமோட்டும் தருகிறேன். பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.